பூனைக்கு நோன்பு இல்லை

ஷஃபான் மாதத்தின் கடைசி வாரம். மாலை நேர மக்தபில் பிள்ளைகளுக்கு நோன்பின் சட்டங்களை நடத்திக்கொண்டிருந்தேன். நோன்பு யார் மீது கடமை, யாருக்குச் சலுகை உண்டு என்று ஒவ்வொருவராக வினவி வருகையில், முன்வரிசையில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமி எழுந்து நின்றாள்.

“ஹஜ்ரத், எங்க வீட்டுப் பூனை ரெண்டு நாளா நோன்பு வச்சிருக்கு. எதை வச்சாலும் திங்க மாட்டேங்குது.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. “தண்ணீராவது குடிக்கிறதா?” என்று கேட்டேன்.

“தெரியலை ஹஜ்ரத். கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடக்கு. பசிச்சா தானா வந்து திங்கும்னு உம்மா சொல்றாங்க.”

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில், நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே சொல்லை நானும் என் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளச்சி

என் தாயார் ஒரு வெள்ளைப் பூனையை வளர்த்து வந்தார்கள். வெள்ளச்சி என்று அழைப்பார்கள். மீனை அவித்து, முள் நீக்கி, தம் கையால் பிசைந்து வைத்தால்தான் அது வாய் வைக்கும். நன்றாக உண்டு கொழுகொழுவென்று இருந்தது. தாயார் வஃபாத்தான நாளில் வீடு நிறைய மனிதர்கள். வாசலில் பந்தல், நாற்காலிகளின் ஓசை, அழுகுரல். வெள்ளச்சி பரண்மேல் ஏறிக்கொண்டது, இறங்கவே இல்லை.

மூன்றாம் நாள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் பரணை அண்ணாந்து பார்த்து, “பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தாங்களே, அதுவும் ஏங்குது பாருங்க” என்றார்கள். அச்சொல் எங்கள் அனைவருக்கும் ஆறுதலாக இருந்தது. வருவோர் போவோரிடமெல்லாம் நானும் அதையே சொன்னேன். பூனையின் பட்டினி, என் தாயாரின் நல்ல குணத்திற்கு ஒரு சாட்சியாக எனக்குத் தோன்றியது. தட்டில் உணவை வைத்துவிட்டு, “பசித்தால் தானே இறங்கி வரும்” என்று இருந்துவிட்டேன்.

ஆறாம் நாள் ஏணி வைத்து ஏறி அதைத் தூக்கினேன். எதிர்ப்பே காட்டவில்லை. வெயிலில் கொண்டுவந்து பார்த்தபோது காது மடலின் உட்புறம் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். “எத்தனை நாளாக உண்ணவில்லை?” என்று கேட்டார். சொன்னேன். “முதல் இரண்டு நாளில் ஏன் கொண்டுவரவில்லை?” என்றார். என்னிடம் விடை இல்லை. எட்டாம் நாள் வெள்ளச்சி இறந்துவிட்டது.

துக்கமோ, கூட்டத்தைக் கண்ட அச்சமோ அதன் பட்டினிக்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கொன்றது கல்லீரல் நோய் என்று மருத்துவர் விளக்கினார். அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதன் பிறகு தேடிப் படித்ததையும், பூனை வளர்க்கும் இல்லங்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

பட்டினி ஏன் ஆகாது?

நாம் ரமளானில் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருக்கிறோம். நம் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். உணவு நின்றவுடன் உடல் தன் செலவைச் சுருக்கி, சேமிப்பிலிருந்து நிதானமாக எடுத்துக்கொள்கிறது. பூனையின் உடலுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது.

பூனை முற்றிலும் ஊனுண்ணி. எலி, குருவி போன்ற சிறு இரைகளை ஒரு நாளில் பலமுறை பிடித்துத் தின்னும் வகையில் அமைந்த உடல் அது. இறைச்சியிலுள்ள புரதத்தைச் சிதைத்துச் சக்தியாக்கும் வேலை அதன் கல்லீரலில் ஓயாமல் நடக்கிறது. உணவு வராவிட்டாலும் அந்த வேலையின் வேகம் குறைவதில்லை. ஆகவே, இரை கிடைக்காத பூனை தன் தசையையே கரைக்கத் தொடங்கிவிடுகிறது.

அத்துடன் உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பும் வெளிப்பட்டுக் கல்லீரலை நோக்கிப் பாய்கிறது. அவ்வளவு கொழுப்பையும் கையாள அந்தச் சிறிய ஈரலால் இயலாது. கொழுப்பு அதன் அணுக்களுக்குள்ளேயே தேங்கி ஈரலை அடைத்துவிடுகிறது. இது தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் பட்டினியே போதும். கொழுத்த பூனைக்குத்தான் ஆபத்து அதிகம். “நல்ல சதைப்பற்று இருக்கிறது, நாலு நாள் தாங்கும்” என்று நாம் எண்ணுவது நேர்மாறான எண்ணம்.

ஈரல் கெட்டால் குமட்டல் வரும். குமட்டல் வந்தால் உணவின் மீது வெறுப்பு வரும். உண்ணாததால் நோய், நோயால் மேலும் உண்ணாமை என்று அது ஒரு சுழலில் சிக்கிக்கொள்கிறது. நாள் செல்லச் செல்லப் பூனைக்குப் பசி ஏறும் என்று நாம் காத்திருக்கிறோம். உள்ளே பசி இறங்கிக்கொண்டிருக்கிறது. இதனால்தான் “பசித்தால் தானே தின்னும்” என்ற சொல் பூனைக்குப் பொருந்தாது.

ஆகவே மனத்தில் இருத்த வேண்டிய கணக்கு இது. வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒன்றும் உண்ணவில்லையென்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். 48 மணி நேரத்தைக் கடக்க விடவே கூடாது. குட்டிகளுக்கு அரை நாள்கூட அதிகம். கிழப் பூனை, சினைப் பூனை, பாலூட்டும் பூனை ஆகியவற்றுக்கு அன்றைக்கே கவனிப்புத் தேவை. அடியோடு விடாமல், வழக்கத்தில் பாதிக்கும் குறைவாகவே மூன்று நான்கு நாள் உண்டு வந்தாலும் அதுவும் நோயின் அடையாளமே.

முதலில் உறுதி செய்யுங்கள்

நம் தெருக்களில் ஒரு பூனைக்கு நான்கு வீடுகள் உண்டு. உங்கள் தட்டை முகர்ந்துவிட்டு நகரும் பூனை, அடுத்த சந்தில் நடந்த வலீமா விருந்தில் வயிறு முட்ட உண்டிருக்கலாம். ஆகையால் அதை ஓர் அறையில் விட்டு, உணவு, தண்ணீர், மண் நிரப்பிய தட்டு ஆகியவற்றை வைத்து, அரை நாள் கதவைச் சாத்திக் கவனியுங்கள். உண்கிறதா, நீர் பருகுகிறதா, சிறுநீர் கழிக்கிறதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

அது உணவை எப்படி மறுக்கிறது என்பதையும் பாருங்கள். ஆவலோடு வந்து ஒரு வாய் கவ்விவிட்டு, தலையை உதறிப் பின்வாங்கினால் வாயில் வலி இருக்கலாம். உணவைக் கண்டதும் உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் குமட்டல். எழுந்து வரவே மனமின்றிச் சுருண்டு கிடந்தால் காய்ச்சலோ வேறு கடும் நோயோ இருக்கக்கூடும். மடியில் வைத்தால் குறுகுறுவென்று ஒலி எழுப்புகிறதே, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். வலியிலும் பூனை அவ்வொலியை எழுப்புவதுண்டு.

காரணங்கள் பல

மூக்கடைப்பு: பூனை நாவைவிட மூக்கால்தான் உணவை அறிகிறது. நம் நாவில் சுவை மொட்டுகள் பல ஆயிரம். அதற்கோ சில நூறுதான். இனிப்பை உணரும் ஆற்றலே அதற்கு இல்லை என்பது 2005ஆம் ஆண்டு ஆய்வில் தெளிவாயிற்று. சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டால் மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் அதற்கு அது உணவே அல்ல.

வாய்: பல்லில் காரை படிந்து ஈறு வீங்குதல், நாவில் புண், முள் குத்தியிருத்தல் ஆகியவை பசியோடு இருக்கும் பூனையையும் பட்டினி போடும். எச்சில் வடிதலும் வாய் நாற்றமும் இதன் அடையாளங்கள்.

நூல்: தையல் வேலை நடக்கும் வீடுகளில் நூலும் ஊசியும் பூனைக்கு எமன். விளையாட்டாக விழுங்கிய நூலின் ஒரு முனை நாவின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தெரிந்தால் இழுத்துவிடாதீர்கள். இழுத்தால் குடல் அறுபடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உள்நோய்கள்: வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறு மிகுதி. தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் பார்வோ வகை நச்சுக்கிருமி, காய்ச்சல், வாந்தி, கழிச்சல் என்று தொடங்கிச் சில நாட்களில் உயிரைப் பறித்துவிடும். ஆண் பூனை மண் தட்டில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், நீர்ப்பாதை அடைத்திருக்கிறது என்று பொருள். அதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கலாகாது.

பச்சை மீன்: கடற்கரை ஊர்களில் பச்சை மீனையே நாள்தோறும் போட்டு வளர்ப்பவர்கள் உண்டு. சில வகை மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. நெடுநாள் பச்சை மீனை மட்டுமே தின்னும் பூனைக்கு இச்சத்துக் குறைந்து, முதலில் பசி மந்தமாகும். பின்னர் நடை தள்ளாடும், தலை கவிழும், வலிப்பும் வரும். மீனை வேக வைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். மீனோடு கோழி இறைச்சியையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நலம்.

மனக்கலக்கம்: வீடு மாறுதல், புது மனிதர், புதுப் பூனை, வெள்ளையடித்த மணம், பழகியவரின் பிரிவு ஆகியவை பூனையின் உணவை நிறுத்தக்கூடும். தடுப்பூசி போட்ட மறுநாளும், இணை தேடும் பருவத்திலும் உணவு சற்றுக் குறையலாம். ஆயினும் காரணம் மனக்கலக்கமே என்று தெரிந்தாலும், மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கு மாறாது. வெள்ளச்சி விஷயத்தில் நான் தவறியது இங்கேதான். காரணம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் காலத்தைத் தவறவிட்டேன்.

வீட்டில் செய்யத்தக்கவை

உணவின் மணத்தை எழுப்புங்கள். வேக வைத்த மீனையோ கோழியையோ எலும்பும் முள்ளும் நீக்கி, உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல், கைச் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக வையுங்கள். அவித்த நீரைச் சிறிது மேலே தெளியுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவுக்கு மணம் இராது. விரல் நுனியில் சிறிது எடுத்து மூக்கருகே நீட்டினால் நக்கத் தொடங்கும் பூனைகளும் உண்டு.

மூக்கில் சளி காய்ந்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால் மெதுவாகத் துடையுங்கள். வெந்நீரைத் திறந்து விட்டு ஆவி நிறைந்த குளியலறையில் அதைப் பத்து நிமிடம் உங்களுடன் வைத்திருந்தால் அடைப்பு இளகும்.

இடம் அமைதியாக இருக்கட்டும். மண் தட்டின் அருகில் உணவை வைக்காதீர்கள். பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம். ஒரு நாளில் ஐந்தாறு முறை சிறிது சிறிதாக வைத்து, அரை மணி நேரத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். நாள் முழுவதும் காய்ந்து கிடக்கும் தட்டு வெறுப்பையே வளர்க்கும்.

தண்ணீரைக் கவனியுங்கள். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் தேவை. தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தாலோ, ஈறு பிசுபிசுவென்று ஒட்டினாலோ உடலில் நீர் வற்றியிருக்கிறது.

செய்யக் கூடாதவை

காய்ச்சல் அடிக்கிறதே என்று பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு அது மருந்து, பூனைக்கு நஞ்சு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கப் போதும். இரத்தம் பழுப்பேறி, மூச்சுக்காற்றைச் சுமக்க இயலாமல் போய்விடும். நாம் உட்கொள்ளும் மற்ற வலி மாத்திரைகளும் அவ்வாறே. குழந்தைக்கு வாங்கிய சொட்டு மருந்தும் இதில் அடங்கும்.

குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் கண்டு மேலும் நீர் வற்றும்.

வாயைப் பிளந்து விளக்கெண்ணெயோ கஞ்சியோ ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகிவிடும். வலிந்து ஊட்டப்பட்ட உணவைப் பூனை பிறகு என்றைக்கும் வெறுப்பதுண்டு. ஊசி நீக்கிய சிரிஞ்சினால் ஊட்ட வேண்டுமானால், மருத்துவர் செய்து காட்டிய பின்பே செய்யுங்கள்.

பினாயில் போட்டுத் துடைத்த தரை உலரும்வரை பூனையை அனுமதிக்காதீர்கள். பாதத்தை நக்கும்போது அந்த நஞ்சு உள்ளே போகிறது. நாய்க்கு உண்ணி போக வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தையும் பூனையின் மேல் பூசக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. தடுப்பூசி போடாத பூனை திடீரென்று உணவை விட்டு, குணம் மாறி, எச்சில் வடித்து, கடிக்கப் பாய்ந்தால் வெறிநோயாக இருக்கலாம். அதன் வாயில் கை வைக்காதீர்கள்; பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது

நம் மக்கள் மாட்டாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு கால்நடை மருத்துவமனைகள் மாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. பூனையையும் அங்கே காட்டலாம். சென்னை வாசிகளுக்கு வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

மூடியுள்ள கூடையில் பழைய துணி விரித்துக் கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்போது உண்டது, நீர் பருகியதா, சிறுநீர், மலம் எப்படி, வாந்தி உண்டா, தடுப்பூசி போட்டதா, வீட்டில் எலிப்பாஷாணம் வைத்தீர்களா என்ற ஆறு கேள்விகளுக்கும் விடையை எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும். மூக்கு அல்லது கழுத்து வழியே குழாய் வைத்து உணவு செலுத்த வேண்டும் என்று அவர் சொன்னால் அஞ்ச வேண்டாம். கொழுப்பு அடைத்த கல்லீரலுக்கு உணவே தலையாய மருந்து. காலத்தோடு தொடங்கினால் பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன.

தட்டு வைத்தால் கடமை தீர்ந்ததா?

ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தேடித் தின்ன அதை அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டனைக்கு ஆளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை, இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். இந்த ஹதீஸை எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். வெள்ளச்சியை அடக்கம் செய்த அன்றுதான் அது என்னை நோக்கித் திரும்பியது. நான் கட்டி வைக்கவில்லை. தட்டிலும் உணவு வைத்தேன். ஆனால் வைத்த உணவு உள்ளே போயிற்றா என்று ஆறு நாள் பார்க்கவில்லை. வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்லக்கூடிய ஒரே மொழி உணவை மறுப்பது. அது சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அதற்கு எனக்குப் பிடித்தமான பொருளைச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சிறுமியின் வீட்டுக்கு வருவோம். வகுப்பு முடிந்ததும் அவளுடைய வாப்பாவைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே பூனையைக் கூடையில் வைத்துக் கொண்டு போயிருக்கிறார். கடும் சளி, மூக்கு முழுவதும் அடைத்திருந்ததாம். தோலுக்கடியில் நீர் ஏற்றி, ஊசி போட்டு, வெதுவெதுப்பான மீனை வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார் மருத்துவர்.

அதற்கு அடுத்த நாள் மக்தபில் மற்றப் பிள்ளைகள் வருமுன்னே வந்து நின்றாள் அவள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

“ஹஜ்ரத், பூனை நோன்பு திறந்துடுச்சு!”

இம்முறை வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களின் குரலைக் காலத்தோடு கேட்கும் செவியை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.